காற்று பிரிந்ததா?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம், ஏன் என்று தலைப்பே சொல்லும்.

புதன்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு போன். 1994-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்ன பையன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான், சொந்தமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறான். குரல் பதறியது.

"டீச்சர், அம்மாவுக்கு நேத்து குடல் ஆபரேஷன். பெருங்குடல்ல கட்டி, வெட்டி எடுத்து சேர்த்து தச்சிருக்காங்க. டாக்டர் இன்னிக்கு காலையிலயே கஞ்சித் தண்ணி குடுக்கச் சொல்லிட்டாரு. நடக்க வேற வைக்கணுமாம். அப்பத்தா கூடவே கூடாதுன்னு ஒரே சண்டை. 'காத்தே பிரியல, அதுக்குள்ள கஞ்சியா, தையல் பிச்சுக்கும்'னு டம்ளரைப் பிடுங்கி வச்சிருச்சு. நீங்கதான் நாலு வருஷம் முன்னாடி இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே. குடுக்கலாமா டீச்சர்?"

டாக்டர் கொடுக்கச் சொன்னால் கொடுப்பா என்றேன். அப்பத்தாவிடம் போனைக் கொடு என்றேன். அவர் பேச மாட்டேன் என்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த டம்ளரை ஒரு காலத்தில் பிடுங்கி வைத்தவள் நான்.

1986-இல் என் அம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. அம்மாவுக்கு 52 வயது. எனக்கு 25. வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பெருங்குடலில் புற்றுக்கட்டி. பரவுவதற்கு முன்பே கண்டுபிடித்தார்கள், அது அம்மாவின் நல்ல நேரம். பெரிய ஊரில் ஓர் ஆஸ்பத்திரி. சர்ஜன் கைராசிக்காரர் என்று பெயர். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நான்தான் துணைக்கு இருந்தேன்.

மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப். கையில் குளுக்கோஸ். வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. தினமும் காலையில் டாக்டர் சுற்றி வருவார், முதல் கேள்வி அதே கேள்விதான். "காத்து பிரிஞ்சுதா?" இல்லை என்று அம்மா கூச்சத்தோடு தலையை ஆட்டுவார். "சரி, பாப்போம்" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஒன்றாம் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். பங்குனி வெயில். மேலே ஒரு ஃபேன், அதுவும் நின்று நின்று சுற்றும். அம்மாவின் உதடு வெடித்துவிட்டது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவதற்கு மட்டும் அனுமதி. "ஒரே ஒரு மடக்கு தாடி" என்று கேட்பார். பக்கத்துக் கட்டில்காரர்களிடம் கேட்டுவிடுவாரோ என்று அவர்களிடமும் சொல்லி வைத்தேன். எவர்சில்வர் டம்ளரைப் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

நான்காம் நாள் இரவு, வாய் கசக்கிறது, கொப்பளித்துத் துப்பிவிடுகிறேன் என்றார். கொடுத்தேன். துப்பவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டார்.

நான் எழுந்து போய் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் வந்து, "தையல் பிரிஞ்சா யாரும்மா பொறுப்பு? படிச்ச பொண்ணு சொல்றது கேக்க மாட்டீங்களா?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சரியானதைச் செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன். வகுப்பில் காப்பி அடித்த பிள்ளையைப் பிடித்த மாதிரி. ஆறாம் நாள் காலையில்தான் காற்று பிரிந்தது. அதன் பிறகு இரண்டு ஸ்பூன் தண்ணீர், மறுநாள் பார்லி, அப்புறம் கஞ்சி. வீட்டுக்கு வர பதினைந்து நாளுக்கு மேல் ஆனது.

அம்மா பிழைத்து 1999 வரை இருந்தார். அந்த டாக்டருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. அவர் தப்பு செய்யவில்லை, அன்று எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்: "எம்மவ ஒரு வாய் தண்ணிக்குப் போட்டுக் குடுத்துட்டா." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

2021-இல் எனக்கு அதே இடத்தில் கட்டி. (அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது பெருங்குடல் புற்று வந்திருந்தால், நமக்கு ஒன்றும் தொந்தரவு இல்லாவிட்டாலும் டாக்டரைக் கேட்டுக் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவள். நீங்கள் தள்ளிப் போடாதீர்கள்.)

மதியம் ஆபரேஷன் முடிந்தது. மூக்கில் டியூப் இல்லை. அதையே முதலில் தடவிப் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், ஒரு சின்ன வயது சிஸ்டர் தலைமாட்டை உயர்த்திவிட்டு டம்ளரை நீட்டினாள். "குடிங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா." என் வீட்டுக்காரர் பதறிப்போய், "டாக்டரைக் கேட்டுட்டுத்தான் குடுக்கறீங்களா சிஸ்டர்? இன்னும் காத்து பிரியலையே" என்றார். அவள், "காத்து அதுபாட்டுக்கு வரும் சார்" என்றாள்.

தாகம் இருந்தது. டம்ளரைக் கையில் வாங்கிவிட்டேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பயத்தால் என்று அவள் நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, 35 வருடத்தில் என்ன மாறியது என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி படித்தவள் நான், மருத்துவம் படித்தவள் இல்லை. ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படிப்பேன். ஆனால் நேரம் இருந்தது. புரியாத இடத்தை, டாக்டருக்குப் படித்துவிட்டுப் பிள்ளை வளர்க்கிறேன் என்று வீட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போனில் விளக்கினாள். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் தண்ணீர் கொடுக்காமல் வைத்தார்கள்? வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டுவிட்டால் அது கொஞ்ச காலம் அசைவில்லாமல் கிடக்கும். அது உண்மைதான். அப்போது உள்ளே எதையாவது அனுப்பினால் தேங்கும், வாந்தி வரும், தைத்த இடம் பிரியும் என்று பயந்தார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குடல் முழுக்க ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசைய ஆரம்பித்துவிடும். இரைப்பைக்கு ஒரு நாள், இரண்டு நாள். கடைசியில் விழிப்பது பெருங்குடல், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காற்று பிரிவது அந்தக் கடைசிப் பெஞ்சுக்காரன் கொடுக்கும் வருகைப் பதிவு. அவன் "உள்ளேன் ஐயா" சொல்லும் வரை முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் பாடம் இல்லை என்று உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்று, வாய்வழியாக ஒன்றும் கொடுக்காவிட்டால் குடல் காய்ந்து கிடக்கும் என்று நினைத்துக்கொண்டோம். எச்சில் ஊறுவதும், இரைப்பையில் நீர் சுரப்பதும், பித்தம் இறங்குவதும் பட்டினியில் குறையுமே தவிர நிற்பதில்லை. அம்மா அன்று விழுங்கிய ஒரு மடக்குத் தண்ணீர் இதற்கு நடுவில் எம்மாத்திரம்.

சரி, யோசித்துப் பார்த்தால் இப்படியும் தோன்றும், அப்படியும் தோன்றும். சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

சோதிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சுலபமாகப் புரியும். புதிய முறையில் பாடம் நடத்தினால் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை எல்லாம் புதிய முறை வகுப்பில் உட்கார வைத்துவிட்டால் முடிவு என்ன வரும் என்று நமக்கே தெரியும். (ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் நாமும் இதைச் செய்திருக்கிறோம், மறுக்க வேண்டாம்.) அதனால் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். ஆபரேஷன் ஆனவர்களையும் அப்படியே சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் ஆகாரம், மறு பாதிக்கு வழக்கம்போலப் பட்டினி.

2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இப்படிப்பட்ட 11 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 837 பேர். பட்டினி போட்டதால் எந்த நன்மையும் தெரியவில்லை. சீக்கிரம் ஆகாரம் கொடுத்தவர்களுக்குத் தையல் அதிகமாகப் பிரியவில்லை. தொற்று குறைவாக வந்தது. பட்டினி இருந்தவர்களில் 100 பேருக்குத் தொற்று என்றால் சாப்பிட்டவர்களில் 72 பேருக்கு என்ற கணக்கு. வாந்தி மட்டும் கொஞ்சம் கூடுதல், அங்கே 100 என்றால் இங்கே 127. இதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள், அதனாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது.

பிறகு காக்ரேன் என்ற அமைப்பு 2018-இல் 17 சோதனைகள், 1437 பேர் என்று மறுபடி கூட்டிப் பார்த்தது. 24 மணி நேரத்துக்குள் ஆகாரம் ஆரம்பித்தவர்கள் ஏறக்குறைய இரண்டு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். தையல் பிரிவது போன்ற சிக்கல்களில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. சோதனைகளின் தரம் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

மூக்கு டியூப்? 2007-இல் காக்ரேன் 33 சோதனைகள், 5240 பேரைப் பார்த்தது. வயிற்று ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் வழக்கமாகப் போட்டு வைப்பதால் பலன் இல்லை. டியூப் இல்லாதவர்களுக்குத்தான் குடல் சீக்கிரம் விழித்தது. தையல் பிரிவதிலும் வித்தியாசம் இல்லை. குடல் அடைத்துக்கொண்டு வாந்தி எடுப்பவருக்கு டியூப் வேண்டும், அது வேறு கதை. எல்லோருக்கும் போடுவதைத்தான் சொல்கிறேன்.

என்னை உட்கார வைத்த ஒரு வரியையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் ஆன உடனேயே டியூப் வழியாகக் குடலுக்குள் ஆகாரம் கொடுத்துப் பார்த்த சின்னச் சோதனை ஒன்று 1979-இலேயே அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்திருக்கிறது. அம்மாவின் ஆபரேஷனுக்கு ஏழு வருடம் முன்பு. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு அன்று மேற்கொண்டு படிக்கவில்லை.

இந்தக் காக்ரேன் என்பது ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டன் டாக்டரின் பெயர். சிகிச்சைகளைச் சோதித்த முடிவுகளை ஒன்று திரட்டி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர் பெயரில் 1993-இல் அமைப்பு தொடங்கியது. அதன் தெற்காசிய மையம் நம் வேலூர் சி.எம்.சி.யில் இயங்கியது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். 2007-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டி, இந்தியாவில் யார் வேண்டுமானாலும் அந்த ஆய்வுகளைக் காசில்லாமல் படிக்க வழி செய்தது. சில ஆய்வுகளின் சுருக்கம் தமிழிலேயே இருக்கிறது. தமிழ் நடை கரடுமுரடுதான், பாடநூல் கழகம் பழைய நாளில் போட்ட அறிவியல் புத்தகம் மாதிரி. ஆனால் புரிகிறது.

அடுத்தது நடை. "ஆடாதே, அசையாதே, ஒரு மண்டலம் படு" என்பதுதான் நம் வீட்டுச் சட்டம். எமில் ரீஸ் என்ற சிகாகோ டாக்டர் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரமே கட்டிலை விட்டு எழுப்பி நடக்கவிட்டு, அதை 1899-இலேயே எழுதியும் விட்டார். 1999-இல் லான்செட் இதழில் படுக்கை ஓய்வைப் பற்றிய 39 சோதனைகளைத் திரட்டினார்கள், 15 விதமான பிரச்சினைகள், 5777 நோயாளிகள். சிகிச்சை முடிந்து படுத்துக் கிடந்ததால் ஒன்றுகூடக் குறிப்பிடும்படி மேம்படவில்லை. சில மோசமானதுதான் மிச்சம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், கால் சதை கரையும்.

எனக்கு மறுநாள் காலையில் நடக்க வைத்தார்கள். நான்கு அடி. வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு நடந்தேன். இருமும்போதும் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தத் தலையணை செய்த உதவியை எந்த மாத்திரையும் செய்யவில்லை.

இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் செய்தால் என்ன என்று யோசித்தவர் டென்மார்க்கில் ஹென்ரிக் கேலெட் என்ற சர்ஜன். 1990-களில் வலிக்கு முதுகுத் தண்டுப் பக்கம் மருந்து கொடுத்து (மார்ஃபின் வகை மருந்து குடலை இன்னும் மந்தமாக்கும்), அன்றைக்கே ஆகாரம் கொடுத்து, அன்றைக்கே எழுப்பி நடக்கவிட்டார். ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்த இடத்தில் அவருடைய நோயாளிகளில் பலர் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போனார்கள். 2001-இல் ஸ்காட்லாந்து, ஸ்வீடன், டென்மார்க், நார்வே, நெதர்லாந்து சர்ஜன்கள் கூடி இதற்கு ஒரு திட்டம் போட்டார்கள். ஈராஸ் என்று பெயர். எனக்குச் செய்ததும் அதுதான் என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதில் ஆபரேஷனுக்கு முந்தைய பட்டினியும் குறைந்துவிட்டது. முன்னே ராத்திரி பத்து மணியிலிருந்தே பச்சைத் தண்ணீர் கிடையாது. இப்போது வயிறு சாதாரணமாகக் காலியாகிறவர்களுக்குத் திட ஆகாரம் ஆறு மணி நேரம் முன்பு வரை, தண்ணீரும் பால் விடாத டீயும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். சர்க்கரைக்காரர்கள் மயக்க மருந்து டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "டாக்டர் குடிக்கச் சொன்னாரு, நாங்கதான் வேணாம்னு வச்சுட்டோம்" என்று பெருமையாகச் சொன்ன ஒரு குடும்பத்தை என் பக்கத்து அறையிலேயே பார்த்தேன்.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு அதன் மேல் பக்தி. "இன்னொரு பாட்டில் ஏத்துங்க சார், தெம்பா இருக்கும்" என்று கேட்டு வாங்குவார்கள். 2002-இல் பிரிட்டனில் நாட்டிங்ஹாமில் பெருங்குடல் ஆபரேஷன் ஆன 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கம்போல டிரிப்ஸும் உப்பும் ஏற்றியவர்களைவிட, குறைத்து ஏற்றியவர்களுக்குக் காற்று ஒரு நாள் முன்னதாகப் பிரிந்தது. உடம்பில் நீர் கோத்தால் குடலிலும்தான் கோக்கும். உடனே எல்லோரும் டிரிப்ஸையே குறைத்துவிடலாம் என்று கிளம்பினார்கள். 2018-இல் 3000 பேரை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. ரொம்பக் குறைத்தால் கிட்னி பாதிப்பு அதிகமாகிறது என்று தெரிந்தது, 100-க்கு 5 பேருக்கு வந்தது ஏறக்குறைய 9 பேருக்கு வந்தது. ஆக கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பாட்டிலைக் கேட்டு வாங்காமல் இருப்பது மட்டும் நம் வேலை.

சூயிங்கம் கதையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வகுப்பில் சூயிங்கம் மென்றதற்காக எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருப்பேன்! 2002-இல் ஜப்பானில் பெருங்குடல் ஆபரேஷன் ஆன 19 பேரில் ஒரு பாதிக்குத் தினம் மூன்று வேளை சூயிங்கம் கொடுத்தார்கள். மென்றால் சாப்பாடு வருகிறது என்று குடல் ஏமாந்து விழித்துக்கொள்ளும் என்பது யோசனை. மென்றவர்களுக்குச் சராசரியாக ஒரு நாள் முன்னதாகக் காற்று பிரிந்தது. உலகமே சூயிங்கம் மெல்ல ஆரம்பித்தது. 2015-இல் காக்ரேன் எண்ணியபோது 81 சோதனைகள், 9000 பேருக்கு மேல். பலன் இருப்பதுபோலத்தான் தெரிந்தது, ஆனால் பல சோதனைகள் சின்னவை, தரம் போதாதவை என்று எச்சரித்தார்கள். 2018-இல் நெதர்லாந்தில் 2000 பேரிடம் ஒழுங்காகச் சோதித்தார்கள். சீக்கிரமே ஆகாரம், சீக்கிரமே நடை என்று இருப்பவர்களுக்குச் சூயிங்கம் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. நிஜச் சாப்பாடே வரும்போது குடலை ஏமாற்ற என்ன இருக்கிறது?

காப்பியையும் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஹைடல்பர்க்கில் 80 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் காப்பி, மறு பாதிக்கு வெந்நீர். காப்பிக்காரர்களுக்கு மலம் 60 மணி நேரத்தில் போனது, வெந்நீர்க்காரர்களுக்கு 74 மணி நேரம். இது 2012. 80 பேர்தான், சூயிங்கம் கதையை மறக்க வேண்டாம். ஆனாலும் மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி அரை டம்ளர் ஃபில்டர் காப்பி வாங்கிக் குடித்துவிட்டேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஊரில் கேட்கும் இன்னொன்று: பருப்பு சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்கும். சீழ் பிடிப்பது கிருமியால். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருப்பது அதுதான். அதை நிறுத்திவிட்டு வெறும் ரொட்டியும் ஹார்லிக்ஸும் கொடுத்து ஆளை வாட்டுகிறோம். இதற்கு நேர் எதிராகவும் ஒரு கூட்டம் உண்டு. டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன அன்றே டிபன் கேரியரில் பிரியாணி. சாப்பிடலாம் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, வயிறு கேட்கும் அளவு.

இனி எச்சரிக்கை. நான் சொன்ன சோதனைகள் பெரும்பாலும் முன்கூட்டித் தேதி குறித்துச் செய்த குடல் ஆபரேஷன்களைப் பற்றியவை. குடல் முறுக்கிக்கொண்டு, ஓட்டை விழுந்து, நடு ராத்திரியில் அவசரமாகத் திறந்தவர்களுக்கு டாக்டர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். உணவுக்குழாய், இரைப்பை ஆபரேஷனுக்கும் தனிக் கணக்கு. அங்கே காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள், இந்தப் பதிவைக் காட்டிச் சண்டை போடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குக் குடல் விழிக்கத் தாமதமாகும். எனக்கே இரண்டாம் நாள் இட்லி சாப்பிட்டதும் வயிறு உப்பி வாந்தி வந்தது. நூற்று இருபத்தேழில் நானும் ஒருத்தி. என் வீட்டுக்காரர் "அன்னிக்கே சொன்னேன்ல" என்று ஒரு பார்வை பார்த்தார். அரை நாள் நிறுத்தினார்கள், சாயங்காலம் மறுபடி நீராகாரம், மறுநாள் இட்லி. அவ்வளவுதான். ஆனால் வயிறு உப்பிக்கொண்டே போவது, வாந்தி நிற்காதது, வலி குறையாமல் கூடுவது, காய்ச்சல், படபடப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். காலையில் டாக்டர் வரட்டும் என்று இருக்கக்கூடாது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் இதையெல்லாம் நாம்தான் கவனிக்க வேண்டும். முதல் ஒரு வாரம் ஆஸ்பத்திரி நம்பரைக் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்குக் காற்று பிரிந்தது ஆறாம் நாள்.

நாலு வருடமாக இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த வார்டும் அம்மா திரும்பிக்கொண்ட சுவரும் வந்துவிடும். என் மாணவியிடம் ஒரு நாள் கேட்டேன், அன்று அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதா என்று. "ஒருத்தருக்கு என்ன ஆகியிருக்கும்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லாது டீச்சர். நூறு பேருக்கு என்ன ஆகும்னுதான் சொல்லும்" என்றாள். நல்ல டாக்டர். நல்ல பிள்ளை. ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை நானே போன் செய்தேன். அப்பத்தா இந்த முறை பேசினார். "நீ படிச்சவ, உனக்குத் தெரியாதது இல்ல தாயி. ஆனா வெட்டித் தச்ச துணியே ரெண்டு நாள் பாத்துத்தானே உடுத்துறோம்" என்றார். நான் சோதனைக் கணக்கு எதையும் சொல்லவில்லை. என் அம்மா தண்ணீருக்குத் தவித்த கதையைச் சொன்னேன், நான் சிஸ்டரிடம் போட்டுக் கொடுத்ததையும் சேர்த்து. கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "டம்ளர் எங்கிட்டதான் இருக்கு. டாக்டர் வரட்டும், என் காதால கேட்டுட்டுக் குடுக்கறேன்" என்றார்.

டாக்டர் பத்து மணிக்கு வந்திருக்கிறார். பத்தேகாலுக்கு வாட்ஸப்பில் செய்தி வந்தது: "அப்பத்தாவே குடுத்துச்சு டீச்சர். அரை டம்ளர். நாளைக்கு இட்லி. தொட்டுக்க சாம்பார் குடுக்கலாமா?"

அதையும் டாக்டரையே கேளுடா என்று பதில் போட்டேன்.